ஏதென்ஸ் நகரத்து ஆந்தைக் காசு

பண்டைக் கிரேக்க நாட்டு நகரங்கள் பலவும் தத்தமக்கெனக் காசு அடித்துக்கொண்டன. ஒவ்வொரு நகரமும் தன் காசின்மேல் தனக்குரிய அடையாளம் ஒன்றைப் பொறித்தது. ரோட்ஸ் தீவினர் ரோசா மலரைப் பொறித்தனர். ஈஜினாத் தீவினர் ஆமையையும், எபிசஸ் நகரத்தார் தேனீயையும், கொரிந்து நகரத்தார் சிறகுடைய குதிரையையும் பொறித்தனர். ஏதென்ஸ் நகரத்தார் தேர்ந்துகொண்டது ஆந்தை. நம் நாட்டில் ஆந்தையின் அலறலைத் தீய நிமித்தம் என்பர். கிரேக்கர்க்கோ அது அறிவுத் தெய்வமாகிய அதீனாவின் பறவை. அத்தெய்வத்தின் பெயரையே தாங்கிய நகரம் அவள் பறவையைத் தன் வெள்ளியிற் பொறித்ததில் வியப்பில்லை.

ஆந்தைக் காசுக்கு வாழ்வு இரண்டு உண்டு. முன்னையது ஏதென்ஸ் கடலாட்சி செலுத்திய கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஓங்கியிருந்தது. பின்னையது, அலெக்சாந்தருக்குப் பிற்பட்ட காலத்தில், அந்நகரம் தன் வலியெல்லாம் இழந்து உரோமரின் தயவில் நின்றபோது தொடங்கியது. படை குன்றியது, கடற்படை போயிற்று, காசுக்கு மட்டும் மதிப்பு ஏறியது. அது எங்ஙனம் நேர்ந்தது என்பதே ஈண்டுக் காணத்தக்கது.

முதலில் அளவைகளை அறிந்துகொள்வோம். கிரேக்கரின் அடிப்படைக் காசுக்குத் திரக்மா என்று பெயர். அச்சொல்லுக்கு ஒரு கைப்பிடி என்பது பொருள். காசு தோன்றுவதற்கு முன்னர் இருப்புக் கம்பிகளே பணமாக வழங்கின என்றும், அவற்றுள் ஆறு கம்பிகள் ஒரு பிடியாக எண்ணப்பட்டன என்றும் கூறுவர். கம்பிக்கு ஓபல் என்று பெயர். ஆறு ஓபல் ஒரு திரக்மா. நூறு திரக்மா ஒரு மினா. அறுபது மினா ஒரு தாலந்து. இரும்பு வெள்ளியாக மாறிய பின்னரும் கணக்கு மாறவில்லை. சொற்களின் பயணம் காசின் பயணத்தைவிட நெடியது. திரக்மா என்னும் இச்சொல் வடமொழியில் திரம்மம் எனப் புகுந்தது. தமிழ்க் கல்வெட்டுகளிலும் திரமம் என்னும் காசுப்பெயர் காணப்படுகின்றது.

ஏதென்ஸ் நகரத்தார் திரக்மாவை 4.3 கிராம் நிறையுடையதாக அமைத்தனர். அவர்கள் மிகுதியாக அடித்து வெளியிட்டது நான்கு திரக்மா மதிப்புள்ள பெருங்காசு. அதன் ஒரு புறத்தில் அதீனாவின் தலையும், மறுபுறத்தில் ஆந்தையும் ஒலிவத் தளிரும் இருக்கும். இதற்கு வேண்டிய வெள்ளி நகருக்குத் தென்கிழக்கில், சூனியம் முனையை அடுத்த லாரியன் மலைகளிற் கிடைத்தது. கி. மு. 483-ஐ ஒட்டி அங்கே வளமான வெள்ளிப் படுகை ஒன்று வெளிப்பட்டது. கிடைத்த செல்வத்தைக் குடிமக்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள விரும்பினர். தெமிஸ்டாக்கிளிஸ் என்பவர் அதனைத் தடுத்து, அப்பொருளால் போர்க்கப்பல்கள் கட்டச் செய்தார். கி. மு. 480-இல் சாலமிஸ் நீரிணையில் பாரசீகரை முறியடித்த கப்பல்கள் அவ்வெள்ளியில் எழுந்தவையே.

அன்று முதல் ஆந்தை என்றாலே காசு என்னும் வழக்கு கிரேக்கரிடையே உண்டாயிற்று. கொல்லர் தெருவில் ஊசி விற்பது என்று நாம் சொல்வதை, ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுசெல்வது என்று அவர்கள் சொன்னார்கள். புளூட்டார்க் என்னும் வரலாற்றாசிரியர் சுவையான நிகழ்ச்சி ஒன்றைக் குறித்துள்ளார். கி. மு. 404-இல் ஏதென்ஸ் போரில் தோற்றது. வென்ற ஸ்பார்ட்டாவின் தளபதி, கிலிப்பஸ் என்பவனிடம் பணமூட்டைகளை ஒப்படைத்துத் தன் நாட்டிற்கு அனுப்பினான். கிலிப்பஸ் மூட்டைகளின் அடிப்புறத்தைப் பிரித்து வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் தைத்துவிட்டான். ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் தொகை எழுதிய சீட்டு இருந்ததை அவன் அறியான். களவாடிய காசைத் தன் வீட்டுக் கூரை ஓடுகளின்கீழ் மறைத்து வைத்தான். தொகை குறைந்ததைக் கண்டு அதிகாரிகள் திகைத்தபோது, கிலிப்பஸின் ஏவலாள் ஒருவன், கெராமைக்கசில் ஆந்தைகள் பல உறங்குகின்றன என்று மட்டும் கூறினான். கெராமைக்கஸ் என்பது ஏதென்ஸ் நகரத்துக் குயவர் சேரியின் பெயர். ஓடு வேய்ந்த கூரையையும் அச்சொல் நினைவூட்டும். ஒரே தொடரில் இருபொருள் வைத்துக் களவை வெளிப்படுத்திய அவ்வேவலாளன் நம் சிலேடைப் புலவர்களுக்கு இளைத்தவன் அல்லன்.

காசின் மதிப்பு அதன் வெள்ளியில் மட்டும் நிற்பதன்று. அதனைக் காக்கும் ஒழுங்கிலும் நிற்பது. கி. மு. 375-ஐ ஒட்டி ஏதென்ஸ் மக்கள் இயற்றிய சட்டம் ஒன்று கல்லில் வெட்டப்பட்டு, 1970-இல் அந்நகரத்துப் பழைய சந்தை வெளியில் கண்டெடுக்கப்பட்டது. பழந்தமிழில் நாணயம் நோட்டம் பார்ப்பாரை வண்ணக்கர் என்பர். அத்தகைய வண்ணக்கன் ஒருவன், அரசுக்குரிய அடிமை, நாள்தோறும் சந்தையில் பணம் மாற்றுவோர் பலகைகளின் நடுவே அமர்ந்திருக்க வேண்டும் என்பது அச்சட்டம். கொண்டுவந்த காசு வெள்ளியாகவும் முறையான பொறி உடையதாகவும் இருந்தால் அவன் அதனை உரியவனிடமே திருப்பித் தருவான். உள்ளே செம்போ ஈயமோ வைத்து மேலே வெள்ளி பூசியதாக இருந்தால் அக்கணமே அதனைக் குறுக்கே வெட்டிவிடுவான்; வெட்டிய காசு தெய்வத்தாயின் கோயிலுக்கு உரியதாகிவிடும். அவன் நல்லது என்ற காசை ஏற்க மறுக்கும் வணிகன் அன்று விற்க வைத்த சரக்கையெல்லாம் இழப்பான். வண்ணக்கனே தன் இடத்தில் அமரத் தவறினால் அவனுக்கு 50 கசையடி. சட்டத்தின் கடுமை அடிமையின் முதுகின்மேலும் விழுந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பின்னர் மாசிடோனிய மன்னர்கள் தலையெடுத்தனர். அலெக்சாந்தரின் காசுகள் கிழக்கிலும் மேற்கிலும் பரவின. அவரும் அவர்பின் வந்தோர் பலரும் ஏதென்ஸ் நிறையளவையே தம் காசுக்கும் கொண்டனர். ஆயினும் ஏதென்ஸ் மட்டும் தாழ்ந்தது. கி. மு. 262-ஐ ஒட்டி அந்நகரம் மாசிடோனியரிடம் பணிந்தது; அதன் துறைமுகமான பைரீயஸிலும் சூனியத்திலும் மாசிடோனியக் காவற்படை குடியேறியது. காவற்படை நீங்கியது கி. மு. 229-இல். வாளால் அன்று, வெள்ளியால் நீங்கியது. காவற்படைத் தலைவன் டயாஜெனிஸ் 150 தாலந்து பெற்றுக்கொண்டு கோட்டைகளை ஒப்படைத்தான். அத்தொகை 9,00,000 திரக்மா, அதாவது 2,25,000 பெருங்காசுகள். நிறையிலோ நான்கு டன்னுக்குச் சற்றே குறைவு. அதில் 20 தாலந்தை அயல் நகரத்தவரான ஆரேட்டஸ் என்னும் தலைவர் தந்தார். விடுதலையை விலைக்கு வாங்கிய நகரம் அதன்பின் பெரும்போர்களில் தலையிடாது ஒதுங்கி, உரோமரோடு நட்புப் பூண்டது.

அந்நட்பின் பயன் கி. மு. 167-ஐ ஒட்டி வந்தது. மாசிடோனிய அரசை வீழ்த்திய உரோமர், ஈஜியன் கடலின் நடுவேயுள்ள டீலஸ் என்னும் சிறு தீவை ஏதென்ஸுக்கு அளித்து, அதனைச் சுங்கமில்லாத் துறையாக்கினர். சிரியா, எகிப்து, இத்தாலி நாட்டு வணிகர் அங்கே குவிந்தனர். கொரிந்து நகரம் கி. மு. 146-இல் உரோமரால் அழிக்கப்பட்டபின் அதன் வாணிகமும் டீலஸுக்கே வந்து சேர்ந்தது. இத்துணை வாணிகத்துக்கும் ஒரு காசு வேண்டுமன்றோ? கி. மு. 165-ஐ ஒட்டி ஏதென்ஸ் தன் பழைய ஆந்தைக்குப் புதிய கோலம் புனைந்து வெளியிட்டது.

புதுக் காசு பழையதைவிட அகலமானது, மெல்லியது. குறுக்களவு ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். நிறை 17 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முன்புறத்தில் வலப்பக்கம் நோக்கிய அதீனாவின் தலை. அவள் அணிந்த தலைச்சீராவில் மூன்று கொண்டைகள் நிமிர்ந்து நிற்கின்றன. நெற்றி விளிம்பில் குதிரைகளின் முன்னுடல்கள் வரிசையாய்த் தோன்றுகின்றன. பக்கத்திற் சிறகுடைய குதிரை பாய்கின்றது. பழைய காசின் அதீனா மாறாத புன்னகையோடு தட்டையாக இருப்பாள். இவளோ பார்த்தினான் கோயிலிற் பிடியாஸ் என்னும் சிற்பி பொன்னாலும் யானைத்தந்தத்தாலும் அமைத்த திருவுருவத்தின் சாயல் உடையவள். அவ்வுருவம் கி. மு. 438-இல் நிறுவப்பெற்றது, இன்று இல்லை. அதன் தலைக்கோலம் எத்தகையது என்பதை அறிய உதவும் சான்றுகளில் இக்காசும் ஒன்று.

பின்புறத்தில் எண்ணெய்ச் சாடி ஒன்று கிடையாகக் கிடக்கின்றது. அதன்மேல் ஆந்தை நின்று, முகத்தை நேரே நம்மை நோக்கித் திருப்பியிருக்கின்றது. அதீனாவின் பெருவிழாப் போட்டிகளில் வென்றார்க்கு ஒலிவ எண்ணெய் நிறைத்துப் பரிசளிக்கும் சாடியை அது குறிக்கும். சுற்றிலும் ஒலிவ இலைகளால் ஆன மாலை. இம்மாலையை முன்னிட்டுப் போலும், அக்காலத்தார் இதனை மாலை தாங்கி என்னும் பொருள்படும் ஸ்டெபனெபோரஸ் என்ற பெயரால் அழைத்தனர். எடைக்கற்களைப் பற்றிய ஏதென்ஸ் சட்டம் ஒன்று, சந்தை மினாவின் எடை, அக்கசாலையின் எடைக்கல்லின்படி, 138 மாலைத் திரக்மாவாக இருக்க வேண்டும் என விதிக்கின்றது. நகரத்து எடைகளுக்கெல்லாம் காசே உரைகல்லாயிற்று.

இக்காசின் அருமையெல்லாம் ஆந்தையைச் சூழவுள்ள சிற்றெழுத்துகளில் அடங்கியுள்ளது. மேலே ஏதென்ஸ் நகரத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து. இருபுறமும் காசுக்குப் பொறுப்பேற்றவர் பெயர்கள். தொடக்கத்தில் இவை எழுத்துகளைப் பின்னிய முத்திரைகளாக இருந்தன. பின்னர்ச் சுருக்கப் பெயர்களாயின. அதன்பின் முழுப்பெயர்களே வந்தன. முதல் இரு பெயர்கள் ஓர் ஆண்டு முழுவதும் நிற்கும். மூன்றாவது பெயர் ஆண்டினிடையே பலமுறை மாறும். ஆண்டுக்கு ஆண்டு மாறும் சிறு சின்னம் ஒன்றும் ஓரத்தில் உண்டு: திராட்சைக் குலை, இடிப்படை, யானை, நங்கூரம், வெற்றித் திருமகள் எனப் பலவகை. சாடியின் வயிற்றில் ஓர் எழுத்து இருக்கும். அது மாதத்தைக் காட்டுவது. முதல் மாதத்திற்கு ஆல்பா, பன்னிரண்டாம் மாதத்திற்கு மியூ. சில ஆண்டுகளில் மட்டும் பதின்மூன்றாம் எழுத்தாகிய நியூ காணப்படும். கிரேக்கர் திங்களின் செலவைக்கொண்டு மாதம் கணித்தமையால் பன்னிரண்டு மாதத்திற்கு 354 நாளே ஆகும். அக்குறையை நிரப்பச் சில ஆண்டுகளில் மிகைமாதம் ஒன்று சேர்ப்பர். அம்மாதத்தில் அடித்த காசில் நியூ நிற்கும். சாடியின்கீழும் இரண்டெழுத்து உண்டு. அது வெள்ளி வந்த வழியையோ பட்டறையையோ குறிக்கும் என்பர்.

இத்துணை அடையாளம் எதற்கு? காசில் வெள்ளி குறைந்தது எனப் பின்னாளில் எவரேனும் முறையிட்டால், எந்த ஆண்டு, எந்த மாதம், எவர் பொறுப்பில் அடித்தது என்பதைக் காசே சொல்லிவிடும். பொறுப்பை மறைத்துக்கொள்ள இடமில்லாதபடி அதிகாரிகள் தம் பெயரைத் தாமே வெள்ளியில் வெட்டிக்கொண்டனர்.

பயன் விரைவில் விளங்கிற்று. இக்காசு கிரேக்க நாடெங்கும் பரவி, மாசிடோனியா, சிரியா வரையிலும் சென்றது. கி. மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெல்பித் திருக்கோயிலை ஆளும் கிரேக்கர் பேரவை ஒரு தீர்மானம் இயற்றிக் கல்லில் வெட்டியது. ஏதென்ஸின் பெருங்காசைக் கிரேக்கர் அனைவரும் நான்கு வெள்ளித் திரக்மாவாகவே ஏற்க வேண்டும். மறுப்பவன் அடிமையாயின் கசையடி, உரிமையுடையவனாயின் 200 திரக்மா தண்டம். பணம் மாற்றுவோர் இடையே வாங்கிய வட்டத்தைத் தடுப்பதே இதன் நோக்கமாகத் தோன்றுகின்றது. வாளேந்தி ஆண்ட காலத்தில் ஏதென்ஸ் தன் காசை ஏற்குமாறு பிற நகரங்களுக்கு ஆணையிட்டது. வாளிழந்த காலத்தில் அவ்வாணையைப் பிறரே அதன்பொருட்டு இயற்றினர்.

காசின் பெருமையைக் கூறுமிடத்து, அதற்கு வெள்ளி தந்தவரையும் கூறுதல் வேண்டும். லாரியன் மலைகளில் சுரங்க வாய்கள் இரண்டு மீட்டர் நீளமும் அதனினும் குறைந்த அகலமும் உடையனவாய்ப் பாறையிற் செங்குத்தாக வெட்டப்பட்டுள்ளன. சில 100 மீட்டருக்கும் மேல் ஆழ்ந்து செல்கின்றன. உள்ளே கிளைக்கும் வழிகள் பலவற்றில் நிமிர்ந்து நிற்க இயலாது. மண்ணால் ஆன அகல்விளக்கின் ஒளியில், முழந்தாளிட்டோ கிடந்தோ, உளியும் சுத்தியும் கொண்டு அடிமைகள் பாறையைப் பெயர்த்தனர். பெயர்த்த கல்லைப் பொடித்து, சாய்வான மேடைகளில் நீர் பாய்ச்சி அலசினால் மண் நீங்கிக் கனத்த துகள் தங்கும். அதனை உருக்கினால் வருவது ஈயம்; வெள்ளி அவ்வீயத்தினுள் மறைந்திருக்கும். அவ்வீயத்தைத் திறந்த உலையில் இட்டுக் காற்றூதப் புடமிட்டால், ஈயம் காற்றோடு கலந்து மிருதார்சிங்கியாகப் பிரிந்து போக, அடியில் வெள்ளி பளபளத்து நிற்கும். ஒரு காசளவு வெள்ளிக்குக் கூடை கூடையாகக் கல் வேண்டும். ஈய நஞ்சு கலந்த புகையை மூச்சிலிழுத்தவர் எத்துணையர் என்பதற்கோ கணக்கில்லை.

கி. மு. இரண்டாம் நூற்றாண்டின் முடிவில், சிசிலித் தீவில் அடிமைகள் இரண்டாம் முறையாகக் கிளர்ந்தெழுந்த காலத்தை ஒட்டி, லாரியன் அடிமைகளும் எழுந்தனர். காவலரைக் கொன்று, சூனியம் கோட்டையைப் பிடித்து, நெடுநாள் ஏதென்ஸ் நாட்டுப்புறத்தை அலைக்கழித்தனர். அவர்களுள் ஒருவர் பெயரேனும் நமக்குக் கிடைக்கவில்லை. காசிற் பெயர் பொறித்தவர் பெயர்களோ நூற்றுக்கணக்கிற் கிடைத்துள்ளன. இதே வாணிகம் டீலஸில் அடிமைச் சந்தையாகவும் விளங்கிற்று. ஒரே நாளிற் பதினாயிரம் அடிமைகளை இறக்கி விற்று அனுப்பவல்ல துறை அது என ஸ்ட்ரேபோ என்னும் நிலநூலார் எழுதியுள்ளார்.

கி. மு. 88-இல் கருங்கடற் கரையிலிருந்து புயல் வீசியது. பான்டஸ் நாட்டு மன்னன் ஆறாம் மித்ரடேட்டீஸ் உரோமரை எதிர்த்து எழுந்து, சின்ன ஆசியாவிலிருந்த உரோமரையும் இத்தாலியரையும் கொன்று குவித்தான். உரோமரின் வரிக்கும் செருக்கிற்கும் ஆளாகியிருந்த கிரேக்கர் பலர் அவனை மீட்பனாக எண்ணினர். ஏதென்ஸும் அவன் பக்கம் சாய்ந்தது. இந்நிகழ்ச்சியின் சுவடு காசில் அப்படியே படிந்துள்ளது.

அவ்வாண்டுக் காசாகக் கருதப்படும் ஒன்றில் அப்பெல்லிகன் என்னும் பெயரும், யாளி போன்ற கிரிபின் என்னும் விலங்கின் உருவமும் உள்ளன. கிரிபின் சின்ன ஆசியாவிலுள்ள டியாஸ் நகரத்தின் சின்னம். அப்பெல்லிகன் அந்நகரத்தில் பிறந்து ஏதென்ஸில் குடியேறிய செல்வன். அவனுக்கு நூல்களின்மேல் அடங்காத வேட்கை. அரிஸ்டாட்டிலின் கையேடுகள் ஓர் ஊரில் நிலவறையிற் புதைந்து ஈரத்தாலும் பூச்சியாலும் சிதைந்து கிடந்தன; அவற்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினான். செல்லரித்த இடங்களைத் தானே நிரப்பிப் படியெடுத்து, பிழை மலிந்த பதிப்பை உலவவிட்டான் என்று பழைய ஆசிரியர் குறைகூறுவர். நூல் காத்தமைக்கு நன்றி சொல்வதா, பாடம் கெடுத்தமைக்கு நோவதா என்பது சுவடி பதிப்பிப்போர் அனைவரும் அறிந்த இடர்ப்பாடு. இவன் ஏதென்ஸின் பொருட்டு டீலஸைக் கைப்பற்றப் படையோடு சென்றான். காவலை ஒழுங்குசெய்யாது உறங்கியமையால் உரோமர் இரவில் தாக்க, படையை இழந்து தப்பியோடினான். நூலறிவு வேறு, படைத்தொழில் வேறு.

அடுத்த காசு இன்னும் வியப்பானது. அதிகாரிகளின் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் மன்னன் மித்ரடேட்டீஸ் என்றும், அவன் துணையால் ஏதென்ஸில் கொடுங்கோலனாக அமர்ந்த அரிஸ்டியன் என்றும் பெயர்கள் உள்ளன. சின்னம், இரு பிறைகளினிடையே ஒரு விண்மீன். அது பான்டஸ் அரசனுடையது. குடியரசின் காசில் முடிமன்னன் பெயர் ஏறியது இதனில்தான்.

கி. மு. 87-இல் உரோமத் தளபதி சல்லா வந்து நகரையும் பைரீயஸையும் முற்றுகையிட்டான். பொறிகள் செய்ய மரம் வேண்டிப் பிளேட்டோ கற்பித்த அக்கடெமிச் சோலையையும், அரிஸ்டாட்டில் கற்பித்த லைசியச் சோலையையும் வெட்டினான். பொருள் வேண்டி டெல்பி, ஒலிம்பியா, எபிடாரஸ் கோயில்களின் செல்வத்தைக் கவர்ந்தான். டெல்பிக்கு அனுப்பப்பட்ட அலுவலன், கருவறையில் யாழொலி கேட்டது என்றெழுதித் தயங்கினான். பாடுவது சினத்தின் அடையாளம் அன்று, மகிழ்ச்சியின் அடையாளம். தெய்வம் மனமுவந்து தருகிறது, அஞ்சாமல் எடு என்று சல்லா விடை விடுத்தான். அங்கிருந்த மாபெரும் வெள்ளிச் சாடி ஒன்று வண்டியில் ஏற்ற இயலாத அளவினதாகையால், துண்டு துண்டாக வெட்டியே கொண்டுசெல்லப்பட்டது.

நகரின் உள்ளே பசி. ஐம்பது லிட்டருக்குச் சற்று மிகுந்த ஒரு மெடிம்னஸ் கோதுமை 1,000 திரக்மாவுக்கு விற்றது எனப் புளூட்டார்க் எழுதுகின்றார். 250 பெருங்காசு! நான்கு கிலோவுக்கும் மிகுந்த தூய வெள்ளி கொடுத்தும் ஒருவர்க்கு ஒருசில மாதம் உண்ணும் கூலமே கிடைத்தது. அதுவும் இல்லாதார் அக்ரோப்பாலிசு மேட்டில் முளைத்த பூண்டைத் தின்றனர். செருப்பையும் எண்ணெய்த் தோற்குடுவையையும் வேகவைத்து உண்டனர். டெல்பித் தீர்மானமோ, வண்ணக்கனின் நோட்டமோ அங்கே உதவவில்லை. இறுதியிற் சமாதானம் பேச வந்த தூதர் தம் முன்னோரின் வீரத்தையும் பாரசீகப் போர்களையும் விரித்துரைக்கத் தொடங்கவே, தான் வந்தது பாடம் கேட்க அன்று, கிளர்ச்சியை அடக்க என்று கூறிச் சல்லா அவர்களைத் திருப்பினான். கி. மு. 86, மார்ச்சு முதல்நாள் மதில் வீழ்ந்தது. தெருக்களிற் குருதி ஓடியது. அப்பெல்லிகனின் நூலகம் சல்லாவின் கொள்ளைப்பொருளோடு உரோமுக்குச் சென்றது.

அப்போரின்போது சல்லாவின் கீழிருந்த லூக்குல்லஸ் என்பவர் பெலப்பொனீசியப் பகுதியில் காசு அடித்தார் என்றும், அது லூக்குல்லஸ் காசு என்ற பெயரால் நெடுங்காலம் வழங்கியது என்றும் புளூட்டார்க் குறிப்பிடுகின்றார். அக்காசு எது? அதே அதீனா, அதே ஆந்தை, அதே சாடி, அதே மாலை உடைய காசுகள் சில கிடைத்துள்ளன. ஆனால் அவற்றில் ஏதென்ஸின் பெயர் இல்லை. அதிகாரிகள் பெயரும் இல்லை. சிலவற்றில் பின்னல் முத்திரைகளும், சிலவற்றில் வெற்றித்தூண்கள் இரண்டும் நிற்கின்றன. இவையே அவை என்பது அறிஞர் துணிபு. ஏதென்ஸைச் சூறையாடிய படைக்குக் கூலி கொடுக்க ஏதென்ஸின் ஆந்தையே வேண்டியிருந்தது. வேறு பொறியிட்ட வெள்ளியைக் கிரேக்க வணிகர் அத்துணை எளிதில் ஏற்றிரார் என்பதைச் சல்லா நன்கறிந்திருந்தான்.

இக்காசுகளின் ஆண்டுகளை வரிசைப்படுத்தியது தனி வரலாறு. காசு அடிக்கும் கம்மியன் ஓர் அச்சைப் பட்டடைக்கல்லிற் பதித்து, காய்ச்சிய வெள்ளித் தகட்டை அதன்மேல் வைத்து, மற்றோர் அச்சைக் கையிற் பிடித்துச் சுத்தியால் ஓங்கி அடிப்பான். அடி நேரே வாங்கும் மேலச்சு விரைவில் தேயும். அதீனா வெட்டிய கீழச்சு நீடித்து நிற்கும். ஆண்டு மாறியதும் பெயர்கள் வெட்டிய மேலச்சைத்தான் மாற்றியாக வேண்டும். கீழச்சு நன்றாயிருந்தால் புத்தாண்டிலும் அதுவே பயன்படும். ஆகவே, இருவேறு அதிகாரிகள் பெயர்கொண்ட காசுகளின் முன்புறம் ஒரே அச்சில் அடிக்கப்பட்டிருந்தால் அவ்விரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகள் என்று கொள்ளலாம். மார்கரெட் தாம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் பல நாட்டுத் தொகுப்புகளிலுள்ள காசுகளை இவ்வாறு ஒப்பிட்டு, 1961-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அவர் தொடுத்த சங்கிலி ஆண்டுக்கு ஆண்டாய் நீண்டது. ஆனால் சங்கிலியின் முதற்கண்ணியை அவர் கி. மு. 196-ஐ ஒட்டி மாட்டினார். மறு ஆண்டே இங்கிலாந்தின் கல்வெட்டறிஞர் டேவிட் லூயிஸ் அதனை மறுத்தார். மித்ரடேட்டீஸ் – அரிஸ்டியன் காசு தாம்சனின் கணக்கில், அரிஸ்டியன் தலையெடுப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டதாகிவிடும்; காசிலுள்ள அதிகாரிகள் பலர் கல்வெட்டுகளில் பிற்காலத்தவராகவே காணப்படுகின்றனர்; ஆதலால் சங்கிலி முழுவதையும் முப்பத்திரண்டு ஆண்டளவு கீழே இறக்கவேண்டும் என்றார் அவர். தாம்சன் எளிதில் விட்டுக்கொடுத்தாரல்லர். எனினும் இன்று அறிஞர் பெரும்பாலும் லூயிஸின் கணக்கையே கொள்கின்றனர். மேலே தந்த ஆண்டுகளும் அதன்வழிப்பட்டவையே. கண்ணிகளின் வரிசையில் பெரும்பகுதி இன்றும் தாம்சன் கோத்தவாறே நிற்கின்றது.

சல்லாவிற்குப் பின்னும் ஏதென்ஸ் தன் வெள்ளிக் காசை அடித்தது, அளவு குறைந்தது. கி. மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் அது நின்றுபோக, உரோமரின் தினாரி அவ்விடத்தைப் பிடித்தது. செப்புக் காசுகளில் மட்டும் ஆந்தை மேலும் பல தலைமுறை வாழ்ந்தது. திரக்மா என்னும் பெயரைப் புதிய கிரேக்க நாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் எடுத்துக்கொண்டு, 2002-இல் யூரோவுக்கு இடங்கொடுத்து விட்டது. கிரேக்க நாடு அடிக்கும் ஒரு யூரோ நாணயத்தில் ஆந்தை இருக்கின்றது. அது கி. மு. ஐந்தாம் நூற்றாண்டுக் காசின் பழைய ஆந்தை; சாடிமேல் நின்ற ஆந்தை அன்று.